முகத்துவாரமும் படகுச் சீட்டும்

தீவுக்குப் படகு விட்டு, பட்சிகளைக் காட்டிப் பணம் வசூலித்து, அந்தப் பணத்தைக் கொண்டே பட்சிகளையும் தீவு ஜனங்களையும் ஒருங்கே ரட்சித்துவிடலாம் என்கிற அபிப்பிராயம் இப்போது நம் பக்கத்தில் கேட்பாரில்லாமல் உலவுகிறது. பழவேற்காட்டு ஏரியின் நடுவிலுள்ள இருக்கம் தீவைப் பற்றித் திருப்பதியிலும் சூலூர்ப்பேட்டையிலும் படித்தவர்கள் பேசும்போதெல்லாம் இதே பேச்சுத்தான்; கேட்கும்போதெல்லாம், விளைந்த பயிரை விதையென்று மயங்குகிற பிழையாகவே அது எனக்குப் படுகிறது.

ஏரி எதனால் உயிர் வாழ்கிறது? நம் சித்தூர்ச் சீமைக் குன்றுகளிலிருந்து இறங்கிவரும் காளங்கியும் ஆரணியாறும் மழைக்காலத்தில் கொண்டுவந்து சேர்க்கிற நன்னீரும், முகத்துவாரத்தின் வழியே வங்காளக் கடல் உள்ளே அனுப்புகிற உப்புநீரும் ஒரு கிரமத்தில் கலந்தால்தான், பெரும்பாலும் இடுப்பளவே ஆழமுள்ள அந்த நீர்ப்பரப்பில் இறாலும் மீனும் வளரும். பூநாரை அலகைத் தலைகீழாக நுழைத்துச் சலித்தெடுக்கிற நுண்ணிய ஜீவராசிகளும் வளரும். முகத்துவாரத்தை மணல் மூடினால் பட்சியும் மீனவனும் சேர்ந்தே பட்டினி கிடக்க வேண்டியதுதான். இராயதொருவு முகத்துவாரம் தூர்ந்துபோனதைப் பற்றி மீனவர்கள் முறையிட்டு வருவது இன்று நேற்றல்ல. எத்தனை படகுச் சீட்டு விற்றாலும் அந்த மணல் ஒரு கூடைகூடக் குறையாது.

ஒடிசாவின் சிலிகா ஏரியை இதற்குச் சான்றாகச் சொல்லலாம். மண் மேடிட்டுக் களையடர்ந்து, அபாயத்திலுள்ள ஈரநிலங்களின் சர்வதேசப் பட்டியலில் 1993இல் சேர்க்கப்பட்ட அந்த ஏரிக்கு, 2000 செப்டம்பரில் கடலை நோக்கிப் புதிய வாய் ஒன்றை வெட்டித் திறந்தார்கள். மீன்பாடு பல மடங்கு பெருகியது. 2002இல் அப்பட்டியலிலிருந்து அதன் பெயர் நீங்கியது. அந்த ஏரியைப் பிழைக்க வைத்தது வேடிக்கை பார்க்கப் போனவர்களின் காசு அன்று.

நம் பக்கத்திலேயே உள்ள நேலபட்டுப் பட்சி சரணாலயத்துக்கு வாருங்கள். அங்கே நீர்க்கடம்பு மரங்களில் கூழைக்கடா கூடு கட்டுகிறது. எச்சம் விழுந்து உரமேறிய அவ்வூர் ஏரித்தண்ணீர் வயலுக்குப் பாய்கிறது. ஆகவே உழவனுக்குப் பறவை பகையாக இல்லை. வேடந்தாங்கல் ஜனங்களும் இதே காரணத்தால், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியிடம் கௌல் என்னும் உறுதிப் பத்திரம் வாங்கித் தங்கள் பட்சிகளைக் காத்துக்கொண்டார்கள். அன்று அவர்களிடம் சீட்டு வாங்கிக்கொண்டு பார்க்க வந்தவர் யார்?

மேய்கிற பூநாரைக் கூட்டத்தை இயந்திரப் படகு நெருங்கும்போது கவனித்துப் பாருங்கள். முதலில் ஓரத்துக் கழுத்துகள் நிமிரும்; மேய்ச்சல் நிற்கும்; பிறகு அத்தனையும் ஒரே பக்கமாக நடக்கத் தொடங்கும்; இன்னும் கிட்டே போனால், நீரை உதைத்துக்கொண்டு நெடுந்தூரம் ஓடி, அதன் பிறகே மேலே எழும்பும். இறக்கையின் செந்நிறம் விரிகிற அந்தக் கணத்தைப் பிரயாணி ஆனந்தமாகப் படம் பிடிக்கிறான். தூரதேசத்திலிருந்து வந்து வயிறு நிரப்பிக்கொண்டிருந்த பறவைக்கோ அது உண்ட உணவையெல்லாம் செலவழிக்கிற ஓட்டம்.

ஜனங்களின் லாபம் என்கிறார்களே, அதையும் பார்ப்போம். இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலை கட்டுவதென்று முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' என்ற ஏற்பாடு பழவேற்காட்டு மீனவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக உண்டு. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஏரி நிறைந்து வலைக்கு வேலை மிகுகிற மாதங்களும், பூநாரையைத் தேடி வெளியூரார் வருகிற மாதங்களும் ஒன்றே. பாட்டுக்குப் போக வேண்டியவனைப் படகோட்டியாக்கி, சொந்த நீரில் உரிமையோடு ஜீவித்தவனை வருகிறவர் தயவுக்குக் காத்திருக்கச் செய்வதை உபகாரம் என்று என்னால் ஒப்ப முடியவில்லை. தடாவுக்குக் கிழக்கே பீமுனிவாரிபாளையம் துறையிலிருந்து தீவுக்குப் போகும் படகுப் பிரயாணம் நமக்கு ஒரு வேளை உல்லாசம். இருக்கத்துப் பெண் ஒருத்திக்கு நடுநிசியில் பிரசவ வலி கண்டால், காற்று எப்படியிருந்தாலும் அவள் கடந்தாக வேண்டிய வழியும் அதுவே.

ஜனவரியில் சூலூர்ப்பேட்டையில் நடத்தப்படும் பூநாரைத் திருவிழாவின் மீது எனக்குத் துவேஷமில்லை. குழந்தைகள் கரையில் நின்று தொலைநோக்கியில் பட்சிகளைப் பார்க்கட்டும். ஆனால் ஏரியின் பெயரால் சர்க்கார் செலவிடும் பணம், தீவில் விடுதி கட்டுவதற்கு முன்னால், முகத்துவாரத்து மணலை அள்ளவும், ஆற்றுநீர் தடையின்றி ஏரிக்கு வந்து சேரவும், இருக்கத்துக்காரர் ராத்திரியிலும் நம்பி ஏறக்கூடிய ஒரு படகை அத்துறையில் நிறுத்தவும் போக வேண்டும். அடுத்த ஐப்பசி மழைக்கு முன்பாகவே போக வேண்டும்.