கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் மீன் தொட்டி



சேலம், நாமக்கல் வட்டாரத்தில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கண்ணாடித் தொட்டி வைத்திருக்கும் கடைகள் பல. உள்ளே தலையில் பந்து போல் முண்டு வைத்த பிளவர்ஹார்ன், அல்லது ஆஸ்கார். வியாபாரம் பெருகும் என்று சொல்லி விற்கிறார்கள். அந்த நம்பிக்கையோடு எனக்கு வழக்கில்லை. எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிடும் நாம் மீனைக் கேலி செய்ய முடியாது. ஆனால் எலுமிச்சம்பழம் வளராது, மீன் வளரும்.

பிளவர்ஹார்ன் எந்த ஆற்றிலும் பிறந்த மீன் அல்ல. மத்திய அமெரிக்காவின் சிக்லிட் இனங்களைக் கலந்து 1990களில் மலேசியாவில் உருவாக்கியது. அதன் உடம்புக் கோலங்களில் சீன எழுத்து தெரிவதாக நம்பியதால் விலை ஏறிற்று. ஆஸ்கார் அமேசான் பக்கத்து சிக்லிட். வாங்கும்போது இரண்டங்குலம், நன்றாகத் தீனி போட்டால் ஓராண்டில் பத்தங்குலம், பிறகு ஒரு அடியையும் தாண்டும். விற்பவர்களில் பலர் இதைச் சொல்வதில்லை என்பதே என் குறை. எடை சொல்லாமல் மூட்டை விற்றால் நாம் வாங்குவோமா?

வளர்ந்த ஆஸ்கார் ஒன்றுக்கு நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம் உள்ள தொட்டி வேண்டும். பன்னிரண்டு கன அடி. தண்ணீர் ஏறத்தாழ 340 லிட்டர். அதாவது 340 கிலோ. 50 கிலோ சர்க்கரை மூட்டை ஏழுக்குக் கொஞ்சம் குறைவு. கண்ணாடியும் மணலும் தனி. பிஸ்கட் டின் அடுக்கும் பலகை இதைத் தாங்காது.

அடுத்தது கூட்டாளி விஷயம். தொழிலில் பங்குதாரரை ஆயிரம் விசாரித்துச் சேர்க்கும் நம்மவர்கள், தொட்டியில் மட்டும் கண்ணுக்கு அழகானதையெல்லாம் போட்டு விடுகிறார்கள். கப்பியைப் போட்டால் அது தீனி. தங்கமீன் அசைந்து அசைந்து நீந்துவது, குளிர்ந்த நீரை விரும்புவது. அதன் வாலை ஆஸ்கார் கடித்துவிடும். பிளவர்ஹார்னைத் தனியாக விடுவதே நல்லது. இன்னொன்று வேண்டுமென்றால் நடுவில் கண்ணாடித் தடுப்பு வைக்க வேண்டும். ஆஸ்காரோடு சில்வர் டாலர் ஒத்துப்போகும். அது வட்டத் தட்டு போன்ற உடம்பு, ஓட்டத்தில் வேகம், தின்பது இலைதழை. ஆனால் வாய்க்குள் அடங்காத அளவில் ஐந்தாறு சேர்த்து விட வேண்டும். அப்போது தொட்டி ஆறடி ஆகிவிடும். முதலில் வந்த மீன் இடமெல்லாம் தனதென்று நினைக்கும். ஆகவே எல்லாவற்றையும் ஒரே நாளில் விடலாம். புதியதைப் பின்னால் விட்டால் அன்றைக்குக் கற்களை இடம் மாற்றி வைக்கலாம். சண்டை குறையும்.

'டேங்க் கிளீனர்' என்று ஒன்றைத் தலையில் கட்டுவார்கள். அது மற்ற மீனின் கழிவைத் தின்னாது. தானும் ஒரு அடிக்கு மேல் வளர்ந்து கழிவைக் கூட்டும். வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீர் மாற்றுவதே சுத்தம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஒருநாள் திறந்து வைத்து ஊற்ற வேண்டும்.

இவ்வளவும் முடியாதவர் என்ன செய்கிறார்? வாளியில் எடுத்துப்போய் ஏரியில் விட்டுப் புண்ணியம் தேடுகிறார். எனக்கு மிகவும் கோபம் தருவது இதுதான். நாம் ஜிலேபிக் கெண்டை என்று சொல்லும் திலேப்பியாவும் சிக்லிட் குடும்பமே. ஆப்பிரிக்க மீனான அது 1952இல் இந்தியாவுக்கு வந்தது. தாய்மீன் முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்துக் காப்பதால் குளம் குளமாகப் பெருகிற்று. ஏழை வீட்டுக் குழம்புச் சட்டிக்கு அது உதவியதை மறுக்கவில்லை. நாட்டு மீன்களுக்கு இடம் குறைந்ததும் உண்மை. டேங்க் கிளீனரோ தமிழ்நாட்டு ஏரிகளில் வலையைக் கிழிக்கிறது, விலையும் போவதில்லை. இனி மூக்கனேரியிலும் மேட்டூர் நீர்த்தேக்கத்திலும் நம் தொட்டி மீன்களையும் கொட்டினால், அங்கே வலை வீசிப் பிழைப்பவர் என்ன செய்வார்?

வண்ணமீன் விற்கும் உறுப்பினர்களுக்கு ஒரு யோசனை. ஒவ்வொரு தொட்டியிலும் விலையோடு, முழு வளர்ச்சியில் எத்தனை அங்குலம், யாரோடு விடலாம் என்பதையும் எழுதி ஒட்டுங்கள். வளர்ந்த மீனைத் திருப்பிக் கொண்டுவந்தால் பாதி விலைக்காவது எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய தொட்டிக்காரர் யாராவது வாங்குவார். இடமில்லாத கடைக்காரருக்கு இரண்டடித் தொட்டியும் பத்துக் கப்பியும் கொடுத்தனுப்பலாம். அவையும் ஏரிக்குப் போகக் கூடாது. அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறேன்.