பேயா? தூக்கமின்மையா?

காக்களூர் தொழிற்பேட்டையில் இரவு முறை வேலை பார்க்கும் ஒரு வாலிபனுக்குப் பத்து நாளாய்த் தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது, தனக்குத் தானே பேசிக் கொள்ளுகிறான் என்று வைத்துக் கொள்ளுவோம். நமது ஜனங்கள் முதலில் கூப்பிடுவது யாரை? உடுக்கைக்காரப் பூசாரியைத்தானே! அவன் கேட்பது "நீ யார்?" என்னும் ஒரே கேள்விதான். பதிலை வேப்பிலையால் அடித்தே வாங்கி, புளியமரத்துப் பேய் என்று பெயரும் வைத்து, கூலியோடு போய்விடுகிறான்.

மனநோய் ஆஸ்பத்திரியில் பழகிய நர்ஸோ, எத்தனை மணி நேரம் தூங்கினாய், சாப்பாடு செல்லுகிறதா, இன்று என்ன கிழமை, ஆளில்லாத இடத்தில் குரல் கேட்கிறதா, குடியுண்டா, கடனுண்டா, செத்துப் போகலாமென்று தோன்றுகிறதா என்றெல்லாம் கேட்டு எழுதி, மறுநாளும் கேட்டு ஒத்துப் பார்க்கிறார். கடைசிக் கேள்வி இல்லாத எண்ணத்தை உண்டாக்கிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி உண்டாவதில்லை என்பதே ஆராய்ச்சியில் கண்ட முடிவாகும்.

படபடப்புக்கும் பேய் வேண்டியதில்லை. பயம் நேர்ந்தால் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியிலிருந்து அட்ரினலின் ரத்தத்தில் கலந்து இதயத்தை விரட்டுகிறதென்று அமெரிக்க அறிஞர் வால்டர் கானன் 1915-லேயே புத்தகம் எழுதி விளக்கினார். புலிக்குப் பயந்து ஓடுகிறவனுக்கு இது உதவி. கந்துவட்டிக்காரனுக்குப் பயந்து மாதக்கணக்காய் விழித்திருப்பவனுக்கோ உடம்பையே தின்பதாகும்.

நிற்க, 2001-ஆம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி ஏர்வாடியில், தர்காவை நம்பி அழைத்துவரப்பட்டு, ஒரு தனியார் விடுதிக் கொட்டகையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் சிக்கி 28 பேர் மாண்டார்கள். தீப்பிடித்தால் பைத்தியக்காரனும் ஓடத்தான் பார்ப்பான், சங்கிலி விட்டால்தானே? இதை முஸ்லீம்கள் சங்கதியென்று இந்துக்கள் ஒதுக்க வேண்டாம். குணசீலம் கோவிலுக்கும் இதே காரியமாய்த்தான் அழைத்துப் போகிறார்கள். இப்போது 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம் சங்கிலியை அடியோடு தடுக்கிறது. தற்கொலைக்கு முயன்றவனையும், கடும் மன நெருக்கடியில் செய்தான் என்று கொண்டு, தண்டிக்கக் கூடாதென்கிறது.

ஆனால் சட்டமா நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும்? கேட்கவேண்டிய நர்ஸிடம் ஒரு வார்டு முழுவதையும் ஒப்புவித்தால் எத்தனை பேரை விசாரிப்பார்? இரவெல்லாம் விழித்து, சிலசமயம் அடியும் வாங்கி, வீட்டுக்குப் போனால் "பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்காரி" என்ற பட்டமும் சுமக்கிற அந்த அம்மாளுக்குத் தூக்கம் வருகிறதா என்று கேட்க ஒரு நாதியுண்டா? கும்பாபிஷேகத்துக்கு வீடுவீடாய் வசூலிக்கும் பெரிய மனிதர்களைத்தான் கேட்கிறோம்.

காக்களூராருக்குப் பக்கத்திலேயே திருவள்ளூரில் அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. போக வெட்கப்படுகிறவர்கள் 14416 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்து பேசலாம், காசு கிடையாது. பூசாரிக்குக் கொடுக்கும் கோழியும் மிச்சம்.