டெலி அலியை மறுபடியும் ஸ்பர்ஸ் சட்டைக்குள்ளே திணிக்காதீங்க

இது கோயில் அறிவிப்பு இல்லை. பால்குடச் சீட்டு பற்றிக் கேட்பவர்கள் இதற்கு முந்தைய பதிவைப் பாருங்கள், விவரம் எல்லாம் அங்கே இருக்கு. இது காற்பந்து விஷயம். பிடிக்காதவங்க தாண்டிப் போயிடலாம், நாங்க கோவிச்சுக்க மாட்டோம்.

போன வெள்ளிக்கிழமை அன்னதானம் முடிஞ்சு பெரிய குண்டான்களைக் கழுவிக்கிட்டு இருந்தப்போ ஒரு தம்பி நம்ம புலனக் குழுவில் ஒரு படம் போட்டார். டெலி அலி, கிரிஸ்டல் பேலஸுக்கு எதிரா பந்தை அந்தரத்தில் அடிக்கிற படம். கீழே ஒரு வரி: ஸ்பர்ஸ் இவரைத் திரும்பக் கூட்டிக்கிட்டு வரணும், சும்மாவே கிடைக்கிறார். ராத்திரிக்குள்ளே பதில்கள் குவிஞ்சு போச்சு. பாதிப் பேர் "ஆமாம், நம்ம பிள்ளை, வீட்டுக்கு வரட்டும்"னு உருகிட்டாங்க. மீதிப் பேர் எழுதினதை இங்கே எழுத முடியாது, கோயில் பக்கம்.

நாங்கன்னா யாருன்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். மூணு பேர். ஒரே தொழிற்சாலை, ஒரே சமையல்கட்டு, ஒரே கிளப். இந்த ஜோகூரில் மென்செஸ்டர்காரனுக்கும் லிவர்பூல்காரனுக்கும் நடுவே இருபது வருஷமா ஸ்பர்ஸுன்னு சொல்லிக்கிட்டு கேலி வாங்கினவங்க. அதனால டெலியைப் பற்றிப் பேச எங்களுக்கு உரிமை இருக்கு. நாங்க சொல்றது இதுதான்: டெலியை ஆட்டக்காரரா மறுபடியும் ஒப்பந்தம் செய்யக் கூடாது. அவர் மேல கோபத்தில் சொல்லலை. அவர் மேல உள்ள பாசத்தில்தான் சொல்றோம்.

அந்த பேலஸ் கோல் 2016 ஜனவரி. எரிக்சன் தலையால் தட்டிக் கொடுத்தார், டெலி ஒரு தொடுதலில் நிறுத்தி, அடுத்ததில் ஜெடினாக் தலைக்கு மேலே தூக்கி, திரும்பி, தரையில் விழ விடாமல் அடிச்சார். வயசு 19. அதற்கு முந்தின வருஷம்தான் மில்டன் கீன்ஸ் டோன்ஸ் கிளப்பிலிருந்து 50 லட்சம் பவுண்டுக்கு வாங்கினாங்க. மாமாக் கடையில் நாங்க எழுந்து நின்னதில் ஒரு தே தாரிக் கவிழ்ந்து போச்சு. அடுத்த பருவம் லீக்கில் 18 கோல், அதுவும் மத்திய திடல் ஆட்டக்காரர். இங்கிலாந்தின் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருது ரெண்டு வருஷம் தொடர்ந்து. 2019 மே மாசம் அயாக்ஸ் ஆட்டம் நம்ம நேரத்துக்கு விடியற்காலை 3 மணிக்கு. கடைசி வினாடியில் லூக்காஸ் மோரா அடிச்ச மூணாவது கோலுக்குப் பந்தைத் தள்ளிக் கொடுத்தது டெலிதான். காலை ஷிப்டுக்குக் கண் சிவந்து போனோம், மெனேஜர் குடிச்சிட்டு வந்தோமான்னு பார்த்தார். இதையெல்லாம் நாங்க மறக்கலை. மறந்தவங்க மாதிரி எங்களைத் திட்டாதீங்க.

ஆனா ஒண்ணைப் பாருங்க. டெலி பந்தைப் பிடிச்சு ஆட்டத்தை நடத்துகிற ஆள் இல்லை. அவர் திறமை ஓட்டத்தில் இருந்தது. எதிரணித் தடுப்பாளர் கேனைப் பார்த்துக்கிட்டு இருக்கும்போது, பின்னாலிருந்து பெட்டிக்குள்ளே சரியான வினாடியில் நுழைவார். 2017 ஜனவரியில் செல்சி 13 லீக் ஆட்டம் வரிசையா ஜெயிச்சிட்டு வந்தாங்க. டெலி தலையால் ரெண்டு கோல் போட்டு அதை நிறுத்தினார். ரெண்டும் எரிக்சன் வலது பக்கத்திலிருந்து தூக்கிப் போட்ட பந்து, அச்சு அசலா ஒரே கோல் மாதிரி இருக்கும். அதாவது அந்த ஆட்டத்துக்கு மூணு சாமான் வேணும்: இறங்கி வந்து தடுப்பாளரை இழுக்க ஒரு கேன், பந்து போட ஒரு எரிக்சன், இருபது வயசுக் கால். கேன் போயிட்டார், எரிக்சன் போயிட்டார், சோனும் 2025 ஆகஸ்டில் அமெரிக்காவுக்குப் போயிட்டார். அதுக்கப்புறம் அந்தக் காலத்து ஆளுன்னு கிளப்பில் மிச்சம் இருந்தது பென் டேவிஸ் ஒருத்தர்தான். டெலிக்கு 2025-லேயே 29 வயசு. இடுப்பிலும் தொடை இடுக்கிலும் பட்ட காயம் அவரை வருஷக்கணக்கில் உட்கார வெச்சிருக்கு. நீங்க யாரைக் கூப்பிடுறீங்க? அவரையா, உங்க 2016-ஐயா?

இன்னொரு விஷயத்தை யாரும் பேசறதில்லை. அவர் எவர்டனில் போய்த்தான் கெட்டார்னு எல்லாரும் நினைக்கிறாங்க. கணக்கைப் பாருங்க. ஸ்பர்ஸில் லீக் கோல்: 10, 18, அப்புறம் 9, 5, 8, அப்புறம் 2020-21 பருவத்தில் ஒண்ணுகூட இல்லை. விழுந்தது இங்கேயே. பொச்செட்டினோ போய் மொரினோ வந்து, ஆட்டத்தில் இறக்காமல் உட்கார வெச்ச காலம். 24 வயசில் ஒரு நாள் காலையில் கண்ணாடி முன்னே நின்னு, இப்பவே ஓய்வு பெறலாமான்னு யோசிச்சதா 2023-இல் கேரி நெவிலிடம் அவரே சொன்னார். அந்தக் கண்ணாடி ஸ்பர்ஸ் காலத்துக் கண்ணாடி. "வீட்டுக்கு வரட்டும்"னு சொல்றவங்க, அந்த வீட்டில்தான் அவருக்கு மூச்சு முட்டினது என்பதையும் சேர்த்துச் சொல்லணும்.

அப்புறம் நடந்தது: 2022-இல் எவர்டனுக்கு முன்பணம் இல்லாமல் கொடுத்தாங்க, 20 ஆட்டம் ஆடின பிறகுதான் பணம் வரும்னு ஒப்பந்தம். 13 ஆட்டத்தோட நின்னு போச்சு, ஒரு கோல் இல்லை. துருக்கியில் பெசிக்தாஸ், அங்கே சொந்த ரசிகர்களே கூச்சல் போட்டாங்க. கடைசியா இத்தாலியில் கோமோ, ஃபாப்ரிகாஸ் கூப்பிட்டு 18 மாச ஒப்பந்தம் கொடுத்தார்.

2025 மார்ச் 15, மிலான் திடல். ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் முதல் ஆட்டம். கடைசிப் பத்து நிமிஷத்துக்கு இறங்கினார். லோஃப்டஸ்-சீக் கணுக்காலை மிதிச்சிட்டார். நடுவர் முதலில் மஞ்சள் அட்டைதான் காட்டினார், வீடியோவைப் பார்த்து சிவப்பாக்கினார். அப்போ எதிரணியில் ஆடின கைல் வாக்கர், பழைய ஸ்பர்ஸ் கூட்டாளி, நடுவர்கிட்டே போய் அவருக்காகப் பரிஞ்சு பேசினார். மிதி வாங்கினது வாக்கருடைய சொந்த அணிக்காரர்! அதைப் பார்த்தப்போ எங்களில் ஒருத்தர் டிவியை அணைச்சிட்டார். கோமோவுக்காக அவர் ஆடினது அவ்வளவுதான். செப்டம்பரில் ரெண்டு தரப்பும் பேசிப் பிரிஞ்சாங்க.

இப்போ தொழிற்சாலைக் கதை ஒண்ணு. பெயர், இடம் எதுவும் சொல்ல மாட்டோம். எங்க லைனில் ஓர் ஓப்பரேட்டர் இருந்தார். மோல்டிங் மெஷினில் அவர் கைவேகத்துக்கு ஆளே கிடையாது. ரெண்டு வருஷம் சிறந்த ஊழியர், படம் கேண்டீன் சுவரில் மாட்டியிருந்தாங்க. தோள்பட்டையில் அடிபட்டு ஒரு வருஷத்துக்கு மேலே வீட்டில் இருந்தார். சம்சாரம் தையல் தைச்சுக் குடும்பம் ஓட்டினாங்க. மேலதிகாரிகிட்டே நாங்க மூணு பேரும்தான் போய்ப் பேசினோம். சேர்த்துக்கிட்டாங்க. எந்த மெஷினில்? அதே மெஷினில். நாங்கதான் கேட்டோம், அவருக்கு அதுதானே பழக்கம்னு. முதல் நாள் எல்லாரும் கை தட்டினாங்க, ரொட்டி சானாய் வாங்கி வெச்சோம். ரெண்டாவது வாரம் டார்கெட் எட்டலை. மூணாவது வாரம் பக்கத்து லைன் பையன்கள் சுவரில் உள்ள படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்க்க ஆரம்பிச்சாங்க. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாடி கையுறையைக் கழற்றி மேசையில் வெச்சிட்டுப் போயிட்டார். சம்பளப் பாக்கி வாங்கக்கூட வரலை, நாங்கதான் கொண்டு போய்க் கொடுத்தோம். வாசலில் நின்னு வாங்கிக்கிட்டார், உள்ளே வாங்கன்னு கூப்பிடலை.

இப்போ அவர் வேற இடத்தில் ஸ்டோரில் இருக்கார், நல்லா இருக்கார். அங்கே யாருக்கும் அவருடைய பழைய வேகம் தெரியாது. அவர் திருவிழாவுக்கு வந்தா நாங்கதான் கொஞ்சம் ஒதுங்கி நிக்கிறோம்.

டோட்டன்ஹாம் திடலில் 60,000 பேருக்கு மேல உட்காரலாம். அத்தனை பேர் மனசிலும் டெலியின் பழைய படம் மாட்டியிருக்கு. அதைத்தான் சொல்றோம்.

சரி, எதிர்ப்பக்கம் சொல்றதில் நல்ல வாதம் ஒண்ணு இருக்கு. அந்தப் படம் போட்ட தம்பியே சொன்னது. 2025-இல் ஸ்பர்ஸ் பயிற்றுநரா இருந்தவர் தாமஸ் பிராங்க். 2021-இல் ஐரோப்பியக் கிண்ண ஆட்டத்தில் எரிக்சன் இதயம் நின்னு திடலிலேயே விழுந்தார், நாம எல்லாரும் நேரலையில் பார்த்தோம். ஏழே மாசத்தில் அவரைக் கூப்பிட்டு பிரெண்ட்ஃபோர்டில் ஆட வெச்சவர் இதே பிராங்க். எரிக்சனை எழுப்பினவர் டெலியை எழுப்ப மாட்டாரா? மேடிசன் வேற, சோன் விடைபெற்ற அந்த சியோல் ஆட்டத்திலேயே முழங்கால் தசைநார் அறுந்து படுத்துட்டார். ஆள் வேணும்தானே?

தம்பி, நல்ல கேள்வி. ஆனா எரிக்சன் விழுகிற நாள் வரைக்கும் நல்ல ஆட்டத்தில் இருந்தார். அவருடைய ஆயுதம் பந்து போடுகிற கால், அது ஓய்வில் துருப்பிடிக்காது. டெலியின் ஆயுதம் ஓட்டம். ரெண்டரை வருஷத்தில் பத்து நிமிஷம் ஆடின ஓட்டம். அதைவிட முக்கியம், எரிக்சன் வந்தது பிரெண்ட்ஃபோர்டுக்கு, ஸ்பர்ஸுக்கு இல்லை. புது இடம், அரைப் பருவ ஒப்பந்தம், பழைய கணக்கு எதுவும் கிடையாது. உங்க உதாரணமே எங்க பக்கம்தான் சாட்சி சொல்லுது. மேடிசன் இடத்துக்கு ஆள் வேணும்னா சாவி சைமன்ஸை வாங்கியாச்சு.

பேல் 2020-இல் திரும்பி வந்து 16 கோல் போட்டாரேன்னு இன்னொருத்தர். பேல் ரியால் மட்ரிட்டில் நாலு சாம்பியன்ஸ் லீக் ஜெயிச்சிட்டு வந்தவர். அவருக்கு நிரூபிக்க ஒண்ணும் இல்லை, பிடிக்கலைன்னா கோல்ஃப் ஆடப் போயிடுவார். டெலிக்கு ஒவ்வொரு பந்தும் பரீட்சை.

"சும்மா கிடைக்கிறார்" என்ற பேச்சையும் விடுங்க. சும்மா வர்ற ஆளுக்கும் சம்பளம் உண்டு, பெஞ்சில் ஓர் இடம் உண்டு. அந்த இடம் போனால் பெஞ்சில் உட்கார வேண்டிய 18 வயசுப் பையன் வீட்டில் உட்காருவான். டெலியும் ஒரு நாள் அந்தப் பையனாத்தான் இருந்தார்.

இப்போ இன்னொரு கூட்டத்துக்கு. "காசு வந்ததும் திமிர், சட்டை பேன்ட் விளம்பரம், ராத்திரி ஆட்டம்"னு எழுதினவங்களே, அந்தப் பேட்டியைப் பார்த்தீங்களா? ஆறு வயசில் அவருக்கு நடந்ததை, எட்டு வயசில் அவரை வெச்சு என்ன விற்க வெச்சாங்கன்னு, பன்னிரண்டு வயசில் இன்னொரு குடும்பம் எடுத்து வளர்த்ததை அவர் வாயாலேயே சொன்னார். தூக்க மாத்திரைக்கு அடிமையானதையும், தானாகவே போய் ஆறு வாரம் சிகிச்சையில் இருந்ததையும் மறைக்கலை. யாரும் பிடிச்சு இழுத்துப் போகலை, தானே போனார். நம்மில் எத்தனை வீட்டில் அந்தத் துணிச்சல் இருக்கு? குடியை மறைச்சு வெச்சுக்கிட்டு முன்வரிசையில் நிக்கிறவங்களை எங்களுக்குத் தெரியாதா. இதுக்கு மேலே எழுத வேண்டாம்.

அப்போ ஸ்பர்ஸ் என்னதான் செய்யணும்? பக்கத்து வீட்டுக்காரன் செஞ்சதைச் செய்யணும். சொல்லவே வாய் கூசுது, ஆனா அர்செனல் இதில் சரியா செஞ்சாங்க. 2021-இல் ஜேக் வில்ஷியர் கிளப் இல்லாமல் நின்னார், 29 வயசு, கணுக்கால் போயாச்சு. அவங்க ரசிகர்களும் ஒப்பந்தம் கொடுன்னுதான் கத்தினாங்க. அர்செனல் கொடுக்கலை. பயிற்சித் திடல் கதவைத் திறந்து விட்டாங்க, வந்து எங்களோட ஓடு, பயிற்றுநர் படிப்பையும் முடின்னு. டென்மார்க்கில் கொஞ்சம் ஆடினார், 2022 ஜூலையில் ஓய்வு அறிவிச்சார், அதே மாசம் அர்செனல் 18 வயசுக்குக் கீழ் அணிக்குப் பயிற்றுநர். அடுத்த வருஷமே அந்தப் பையன்களை இளையோர் கிண்ண இறுதிக்குக் கூட்டிப் போனார். தோத்தாங்க, அது வேற, அர்செனல்தானே.

டெலிக்கும் அதே கதவைத் திறங்க. கேமரா வேண்டாம், பழைய எண்ணைத் தூக்கிக் காட்டுகிற வீடியோ வேண்டாம். தினம் உடம்பைத் தயார் பண்ணட்டும். ஏதாவது சின்ன கிளப் கூப்பிட்டா போகட்டும், 2026 உலகக் கிண்ணத்தை மறக்காமல் இருக்க ஃபோனில் தினம் காலை 11 மணிக்கு நினைவூட்டல் வெச்சிருந்தவர் அவர், ஆடணும் என்ற ஆசையை நாம யார் தடுக்க. ஆடலைன்னா, அந்த பெட்டிக்குள்ளே நுழைகிற வினாடியைப் பதினாறு வயசுப் பையன்களுக்கு அவரை விட யார் சொல்லிக் கொடுக்க முடியும்? 269 ஆட்டம், 67 கோல் போட்டவருக்கு கிளப் செய்ய வேண்டிய கடன் அது.

கருத்தைக் கீழே எழுதுங்க, தமிழிலோ மலாயிலோ எதிலும் சரி. எதிர்த்து எழுதினாலும் பதில் சொல்வோம். ஆனா அவரைப் போதைக்காரன்னோ வேற மாதிரியோ எழுதினா, யாரா இருந்தாலும், போன வருஷம் பெரிய உபயம் செஞ்சவரா இருந்தாலும், பார்த்த உடனே நீக்கிடுவோம்.

குண்டான் கழுவ வெள்ளிக்கிழமை இன்னும் ரெண்டு பேர் வேணும். படம் போட்ட தம்பி கண்டிப்பா வரணும், பாக்கி வாக்குவாதத்தை அங்கேயே வெச்சுக்கலாம்.