மருமக வீட்டுலதான் இருக்கா

பதிவு நீளம். நேரமில்லாதவர்கள் இரவு சாப்பிட்ட பிறகு படியுங்கள், ஆனால் படித்துவிடுங்கள்.

போன வாரம் நம் குடும்பக் குழுவில் என் தங்கை மகன் ஒன்று எழுதியிருந்தான். "கழனி வேலைக்கு ஆளே கிடைக்கல, நூறு நாள் வேலை எல்லாரையும் சோம்பேறி ஆக்கிடுச்சு." அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். அதில் பாதி என்னிடம் படித்தவர்களின் கட்டைவிரல். மாப்பிள்ளை, கோபித்துக்கொள்ளாதே. உன்னை மட்டும் சொல்லவில்லை. உனக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதுதான், அந்த ஆட்களைப் பற்றி நம் யாருக்குமே ஒன்றும் தெரியாது என்று உறைத்தது. தெரியாதபடி பார்த்துக்கொண்டதில் என் கையும் இருக்கிறது.

வெயில் கொளுத்திய ஒரு நாள், காலை பதினொரு மணி இருக்கும். கையில் டேப்போடு ஒரு பெண் பிள்ளை எங்கள் தெருவுக்கு வந்தாள். ஏதோ கணக்கெடுப்பு. எது, யாருடையது என்பது இங்கே வேண்டாம். அவள் மேல் தப்பே இல்லை. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன், காலனிக்கு வழி காட்டக் கூடவே போனேன். அங்கே யார் இருப்பார்கள் அந்த நேரத்தில்? கிழவிகள், குழந்தைகள், நாய்கள். ஒரு பாட்டியைப் பிடித்து அவள் கேட்டாள்: "உங்க மருமக என்ன வேலை செய்றாங்க?" பாட்டி சொன்னார்: "மருமக வீட்டுலதான் இருக்கா. எப்பவாச்சும் கழனிக்குப் போவா." டேப்பில் ஒரு தட்டு. வேலை செய்யாதவர் பட்டியலில் ஒரு பெயர் ஏறியது. அந்த மருமகள் அப்போது மேஸ்திரி அனுப்பிய குட்டி யானையில் இருபது பேரோடு நின்றுகொண்டே போய், ஆரம்பாக்கம் தாண்டி வேர்க்கடலை பறித்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியும், என் பழைய மாணவி அவள். ஒன்பதாவதோடு நின்றவள்.

பாட்டி ஏன் அப்படிச் சொன்னார் என்று சாயங்காலம் கேட்டேன். "வேலைக்குப் போறான்னு எழுதுனா ஆயிரம் ரூபா நிறுத்திடுவாங்களாமே வாத்தியாரே" என்றார். உரிமைத் தொகையைச் சொல்கிறார். அரசாங்கத் தாள் எது வந்தாலும் ஏதோ ஒன்றைப் பிடுங்கத்தான் வரும் என்பது அவர் எழுபது வருட அனுபவம். அதை ஒரு டேப் மாற்றிவிடாது.

இனி என் கதை. 1991இலும் 2001இலும் நான் மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளன். பள்ளிக்கூட வேலை முடித்து மாலையில் போக வேண்டும். நான் எப்படிப் போனேன் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம் என்று. கழனி வேலைக்கு ஞாயிறு ஏது? இருந்தவர்களைக் கேட்டேன், இல்லாதவர்களை நானே நிரப்பினேன். பெண்கள் என்றால் கை தானாக "வீட்டு வேலை" என்று எழுதும். 1991 படிவத்தில், நிலத்தில் சம்பளமில்லாமல் செய்யும் வேலையையும் விடாமல் கேள் என்று சேர்த்திருந்தார்கள். பயிற்சியில் அழுத்திச் சொன்னார்கள். நான் அழுத்திக் கேட்கவில்லை. அந்தத் தாள்கள் எல்லாம் கூட்டிக் கூட்டித்தான் டெல்லியில் ஒரு எண் ஆனது. அதில் எத்தனை பெண்களை நான் உட்கார வைத்தேன் என்று இன்று கணக்குச் சொல்ல முடியாது.

இவ்வளவு கசிந்தும் வந்த எண்ணைப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சொந்தமாகவோ குத்தகைக்கோ பயிரிடுகிறவர்கள் ஏறக்குறைய 42 லட்சம். கூலிக்குக் கழனி வேலை செய்கிறவர்கள் 96 லட்சம். ஒன்றுக்கு இரண்டுக்கு மேல். ஆனால் நாம் "விவசாயி" என்று பதிவு போடும்போது, பச்சைத் துண்டு படம் வைக்கும்போது, மனதில் வருகிற முகம் யாருடையது? நிலம் வைத்திருப்பவருடையது. அரசின் கணக்கிலும் அதே கதைதான். தேசிய மாதிரி ஆய்வு 2019இல் எடுத்த விவசாயக் குடும்பங்களின் நிலை ஆய்வு, விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய் என்றது. எல்லா மேடையிலும் அந்த எண்ணைச் சொன்னார்கள். முழுக்கக் கூலி வேலையில் பிழைக்கும் குடும்பம் அந்த ஆய்வின் இலக்கணப்படி விவசாயக் குடும்பமே இல்லை என்பதை எந்த மேடையிலும் நான் கேட்கவில்லை. குடும்பத்தில் ஒருவராவது சொந்தமாகப் பயிர், கால்நடை என்று வைத்து, வருடத்தில் 4,000 ரூபாய்க்கு மேல் விளைவித்திருந்தால்தான் கணக்கில் வருவார்கள். நாற்று நட்டவள் வெளியே, வரப்பில் குடை பிடித்து நின்றவர் உள்ளே.

செத்தால்கூடப் பிந்தித்தான் எண்ணினார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2014 முதல்தான் தற்கொலைக் கணக்கில் விவசாயக் கூலிகளைத் தனியாகக் காட்டுகிறது. 2022இல் இந்தியா முழுக்க உயிரை மாய்த்துக்கொண்ட பயிரிடுவோர் 5,207 பேர். விவசாயக் கூலிகள் 6,083 பேர். அதற்கு முந்தைய வருடமும் கூலிகள்தான் அதிகம். மாப்பிள்ளை, உன் "சோம்பேறிகள்" இவர்கள்.

இப்போது உடம்பு விஷயத்துக்கு வருகிறேன். என் கோபத்தின் வேர் இங்கேதான்.

சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகவியல் மருத்துவர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயத் தொழிலாளர்களைச் சோதித்தார்கள். ஒரு தடவை ரத்தமும் சிறுநீரும் எடுத்ததோடு விடாமல், மாதங்கள் கழித்துத் திரும்பப் போய் மறுபடி எடுத்தார்கள். 2025இல் முடிவு வெளியானது. நூற்றுக்குப் பதினேழு பேர் அளவில் சிறுநீரகம் பழுது. அவர்களில் கணிசமானவர்களுக்குச் சர்க்கரையும் இல்லை, ரத்தக் கொதிப்பும் இல்லை. வெயிலில் கிடந்து வேலை செய்வது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். இதே நோயை ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியில் பல வருடமாகப் பார்க்கிறார்கள். இலங்கையில் அனுராதபுரம், பொலன்னறுவை நெல் வயல்களில் பார்த்தார்கள். நிகரகுவாவிலும் எல் சால்வடாரிலும் கரும்பு வெட்டுகிற வாலிபர்கள் இதில் செத்தார்கள். எங்கேயும் பணக்காரன் நோயாக இது வரவில்லை.

உங்களில் சிலர் சொல்வீர்கள்: "சார், மக்களைத் தேடி மருத்துவம் 2021இலிருந்து வீட்டு வாசலுக்கே வருதே." வருகிறது, நானே மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன், வாழட்டும். ஆனால் யோசியுங்கள். சர்க்கரையும் அழுத்தமும் சரியாக இருக்கிற ஒருத்தியை "நீங்க நல்லாத்தான் இருக்கீங்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டால், மேலே சொன்ன நோய் எப்படித் தெரியும்? அவள் என்ன வேலை செய்கிறாள், எத்தனை மணி நேரம் வெயிலில், எவ்வளவு தண்ணீர் குடித்தாள் என்று கேட்டால்தானே சந்தேகமே வரும். வேலையைக் கேட்கிற ஆய்வு உடம்பைக் கேட்காது. உடம்பைக் கேட்கிற ஆய்வு தொழில் என்று ஒரு கட்டம் போட்டு அதில் "கூலி" என்று எழுதிவிட்டு நகரும். தேசிய அளவிலான உழைப்பாளர் கணக்கெடுப்பில், போன ஏழு நாளில் ஏதோ ஒரு நாள் ஒரு மணி நேரம் கூலி வேலை செய்திருந்தாலே வேலையில் உள்ளவர் என்று ஒரு கணக்கு வருகிறது. ஒரு மணி நேரம் களை பறித்தவளும், நாள் முழுக்கச் சவுக்கு வெட்டியவனும் அந்தக் கணக்கில் ஒன்று.

கேட்கிற பாஷையும் முக்கியம். நாற்பது வருடம் கேள்வித்தாள் தயாரித்தவன் சொல்கிறேன், கேள்வி தப்பாக இருந்தால் பதில் தப்பாகத்தான் வரும். "சிறுநீரகக் கோளாறு உள்ளதா?" என்றால் காலனியில் யாரும் உண்டு என்று சொல்ல மாட்டார்கள். "சூடு பிடிக்குமா? நீர்க்கடுப்பு வருமா?" என்று கேட்டுப் பாருங்கள். என் மாணவியிடம் அப்படித்தான் கேட்டேன். "தண்ணி குடிச்சா ஒதுங்க இடம் வேணும் சார், அதனால குடிக்கறதே இல்ல. சாயந்திரம் வீட்டுக்கு வந்து ஒரு சொம்பு குடிப்பேன், எரியும்" என்றாள். ஆம்பளைகள் இருக்கிற கழனியில் காலையிலிருந்து மாலை வரை அடக்கிக்கொண்டு குனிந்து நிற்கிறாள். எந்தத் தாளில் இதற்குக் கட்டம் இருக்கிறது? மருந்து அடிப்பவரிடம் "பூச்சிக்கொல்லியால் பாதிப்பு உண்டா" என்றால் இல்லை என்பார். "மருந்து அடிச்ச ராத்திரி சாப்பாடு இறங்குமா, தலை சுத்துமா" என்று கேட்க வேண்டும். நம் பக்கத்தில் பாதிப் பேருக்குத் தெலுங்குதான் வாயில் வரும். அதிலும் கேட்கத் தெரிய வேண்டும்.

இது முடியாத காரியம் இல்லை. அமெரிக்காவில் 1980களின் கடைசியிலிருந்து கூலிப் பண்ணையாட்களுக்கு என்றே ஓர் ஆய்வு நடத்துகிறார்கள். வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை. பண்ணையைத் தேடிப் போய் ஆளைக் கண்டுபிடித்து, வேலை நேரம் போக மீதி நேரத்தில் உட்கார வைத்து, கூலி, இடுப்பு வலி, குடிதண்ணீர், கழிப்பிடம், பூச்சி மருந்து எல்லாம் ஒரே ஆளிடம் கேட்கிறார்கள். அவர் நேரத்துக்குச் சிறு தொகையும் கொடுக்கிறார்கள். அந்த ஊர் யோக்கியம் என்று சொல்லவில்லை. கேட்கத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அவ்வளவு தூரம் ஏன்? நம் பொன்னேரி தாலுகா அன்று செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்தது. அங்கே கலெக்டர் வேலை பார்த்த திரமென்ஹீர் என்ற வெள்ளைக்காரர் 1891இல் பறையர் மக்களைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அவர்கள் குடிசை எப்படி, என்ன சாப்பிடுகிறார்கள், என்ன உடுத்துகிறார்கள், யாரிடம் கடன், எப்படி அந்தக் கடன் ஆளையே கட்டிப்போடுகிறது என்று வேலையையும் வயிற்றையும் சேர்த்து எழுதினார். மிராசுதார்களுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் 1892இல் அரசாணை வந்தது. இன்று பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வதற்கு அந்த அறிக்கைதான் தொடக்கம். அந்த நிலம் பிறகு யார் கைக்குப் போனது என்பது வேறு பதிவு. எழுதினால் உறவில் சிலர் என்னோடு பேச மாட்டீர்கள்.

ஆள் கிடைக்கவில்லை என்கிறாயே மாப்பிள்ளை, ஆள் எங்கே போனான்? சிப்காட்டில் காண்ட்ராக்ட் ஆள் கேட்டால் அங்கே நிழல் உண்டு, கழிப்பறை உண்டு, போகிறான். அங்கே வேலை நிறுத்தினால் கழனிக்கு வருகிறான். சவுக்குத் தோப்பில் வெட்டும் இருளர் குடும்பங்கள் தோப்பு தோப்பாக மாறுகின்றன. வீட்டை வைத்து எடுக்கும் எந்தக் கணக்கிலும் இவர்கள் சிக்க மாட்டார்கள். 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று தமிழக அரசு அறிவித்தது. வெயிலில் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம். நல்ல அறிவிப்பு. ஆனால் "வீட்டில் இருப்பவர்" என்று எழுதப்பட்ட ஒருத்தி மேட்டுக் கழனியில் மதியம் இரண்டு மணிக்கு விழுந்தாள் என்று யார் சாட்சி சொல்வது? மேஸ்திரியா? நிலத்துக்காரரா?

2027 கணக்கெடுப்புக்கு என் மாணவர்களில் ஆசிரியர்களாக இருப்பவர்கள் நிறைய பேர் போகப் போகிறீர்கள். கையில் செல்போன் செயலி இருக்கும், என் காலத்துத் தாள் இருக்காது. ஆனால் பதினொரு மணிக்குப் போனால் உங்களுக்கும் அதே பாட்டிதான் கதவைத் திறப்பார். ஆறரை மணிக்கு மேல் போங்கள். மருமகளையே கேளுங்கள், மாமியாரை அல்ல. "வேலைக்குப் போறீங்களா" என்று கேட்காதீர்கள். "நடவுக்குப் போனீங்களா, களை எடுக்கப் போனீங்களா, கடலை பறிக்கப் போனீங்களா, எத்தனை மாசம்" என்று கேளுங்கள். உதவித்தொகை எதுவும் நிற்காது என்று முதலிலேயே சொல்லுங்கள். அந்தச் செயலியில் உடம்பைப் பற்றிக் கேள்வி இருக்காது. அதை நாமே செய்யலாம் என்று நானும் ஓய்வுபெற்ற இரண்டு நண்பர்களும் முடிவு செய்திருக்கிறோம். ஒரு நோட்டு, பத்துக் கேள்வி, காலனியிலும் சவுக்குத் தோப்பிலும். பெயர் எழுதப் போவதில்லை. உங்களில் டாக்டராக இருக்கிற மூன்று பேருக்கும் கேள்விகளைத் தனியே அனுப்பியிருக்கிறேன். திருத்தித் தாருங்கள், ஆங்கிலத்தில் திருத்த வேண்டாம்.

வருகிற சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு எளாவூர் ரயில் நிலையத்தில் இருப்போம். தெலுங்கு பேசத் தெரிந்த பெண்கள் இரண்டு பேராவது வேண்டும், ஆண்களிடம் சொல்லாததை உங்களிடம் சொல்வார்கள். எனக்கு முட்டி வலி, யாராவது வண்டி கொண்டு வாருங்கள். மாப்பிள்ளை, நீ கார் கொண்டு வா.