ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டாமா?



உருக்காலைகளில் தகடு உருட்டும் எஃகு உருளை செய்யும் இடத்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் போனில் புலம்பினான். "சார், அனுப்பும் தேதி நெருங்கினால் டெம்பரிங் நேரத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள். அல்ட்ராசோனிக்கில் விரிசல் இல்லையே, பிறகென்ன என்கிறார்கள்."

நான் படித்தது ஆசிரியப் பயிற்சிதான். எனக்கே இது தப்பென்று புரிகிறது. அந்தச் சோதனை விரிசலைத்தான் காட்டும். உள்ளே அடைபட்டிருக்கும் விசையைக் காட்டாது.

பழுக்கக் காய்ச்சிய உருளையில் தண்ணீர் பீய்ச்சும்போது மேல்பகுதி மார்ட்டன்சைட்டாக இறுகி விரிகிறது. நடுப்பகுதி அதை விடாமல் பிடிக்கிறது. மேலே அமுக்கம், உள்ளே இழுவிசை. மேலுள்ள அமுக்கம் நல்லதே. விரிசல் பரவாமல் தடுக்கும். உள்ளே இழுவிசை மிஞ்சினாலோ, ஒரு சிறு கசடு போதும். சும்மா கிடக்கும் உருளைகூட வெடித்துப் பிளக்கும். பக்கத்தில் நிற்பவர் கதி?

அதற்குத்தான் குளிர்வித்த கையோடு 150 டிகிரி அளவில் மறுபடி சூடேற்றி, பல மணி நேரம் வைத்து, மெதுவாக ஆறவிடுகிறார்கள். அந்த மணி நேரமும் வேலைதான்.

அதிகாரிகளாக இருக்கும் என் மாணவர்களே, தேதி தவறினால் அபராதம் கட்டித் தீர்க்கலாம். போன உயிருக்கு எதைக் கட்டுவீர்கள்?