மால்குடியும் "ஐயையோ"வும்

சென்ற ஞாயிறு இரவு விடுதிப் பொது அறையில் "மால்குடி டேஸ்" தொடரின் சுவாமி கதைப் பகுதிகளை ஒரே மூச்சில் கண்டு களித்தோம். 1986-இல் தூர்தர்ஷனுக்காகச் சங்கர் நாக் எடுத்தது. தந்தையாகக் கிரீஷ் கர்னாட். சுவாமியாகச் சிறுவன் மஞ்சுநாத். அப்பா மாம்பழக் கணக்குப் போடச் சொன்னால், பழம் கனிந்ததா காயா என்று கவலைப்படுகிறான் பயல்! கணக்கில் அடிபட்டவர்கள் நிறைந்த கூட்டமல்லவா, வயிறு குலுங்கச் சிரித்தோம்.

நண்பர் ஒருவருக்கு மட்டும் குறை. "தென்னாட்டுப் பையன் இந்தி பேசலாமா?" என்றார். ஐயா, ஆர். கே. நாராயண் 1935-இல் அவனை ஆங்கிலத்திலன்றோ பேசவிட்டார்! எந்த மொழி பேசினாலும் அவன் நம் வீட்டுப் பிள்ளைதான்.

என் வருத்தம் வேறு. மறுநாள் அதே பெட்டியில் ஓர் இந்தி நகைச்சுவைத் தொடர். நம்மவர் ஒருவர் வந்தார்: நெற்றி நிறையத் திருநீறு, வாய்க்கு வாய் "ஐயையோ". உடனே பின்னணியில் சிரிப்பொலி. அவர் வேடிக்கையாக ஒன்றுமே சொல்லவில்லை. தெற்கே பிறந்ததே வேடிக்கையாம்! அடுத்த நாள் உணவுக்கூடத்தில் வடநாட்டுத் தோழர்கள் இருவர் என்னை "ஐயையோ" என்றே அழைத்தார்கள். கோபித்துக்கொள்ளவில்லை, நானும் அசட்டுச் சிரிப்புச் சிரித்துவைத்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

வரும் ஞாயிறு மால்குடியின் மற்றக் கதைகள். அவ்விரு தோழர்களையும் அழைத்திருக்கிறேன். பாய் விரிக்க ஆள் வேண்டும். சற்று முன்னதாகவே வந்துவிடுங்கள்.