தபால் தலைக் காகிதத்தில் அச்சான பவுன்

கல்யாணப் பேச்சு எழுந்த வீட்டில், "எத்தனை சவரன்?" என்ற கேள்வி கூடவே எழும். சவரன் என்பது இங்கிலாந்தின் ஒரு பவுன் தங்க நாணயத்தின் பெயர். அந்த நாணயம் கைமாறுவது நின்று எத்தனையோ காலமாகியும், எட்டு கிராம் தங்கத்துக்கு அதன் பெயரே நம்மிடையே நிலைத்துவிட்டது. அத்தகைய மதிப்புப் பெற்ற நாணயத்தைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, அவசரம் அவசரமாக அச்சடித்த காகிதத்தை ஜனங்கள் கையில் கொடுக்க வேண்டிய நிலைமை அதே இங்கிலாந்துக்கு 1914-ம் ஆண்டு ஏற்பட்டது. பழைய நோட்டுச் சேகரிப்போர் இன்று விரும்பித் தேடும் அந்தக் காகிதம், நமக்கும் ஒரு பாடம் வைத்திருக்கிறது.

1914 ஜூலைக் கடைசியில் ஐரோப்பாவின் மீது யுத்த மேகம் கவிந்தது. ஜூலை 31-ந் தேதி லண்டன் பங்கு மார்க்கெட் மூடப்பட்டது. மறு வருஷம் ஜனவரியில்தான் மீண்டும் திறந்தது. பாங்க் ஆப் இங்கிலாந்து தன் வட்டி விகிதத்தை 3 சதவீதத்திலிருந்து 4-க்கும், மறுநாள் 8-க்கும், அதற்கு மறுநாள் 10-க்கும் உயர்த்தியது. மூன்றே நாளில் மும்மடங்குக்கு மேல்!

பீதியைக் கிளப்பியவர்கள் பாமர ஜனங்கள்தானா? அப்படிச் சொல்வது நியாயமாகாது. பணம் கேட்டு வந்தவர்களுக்குத் தங்க நாணயம் தர மனமில்லாமல், பெரிய வங்கிகள் பல ஐந்து பவுன் நோட்டுகளை நீட்டின. இங்கிலாந்தில் அதைவிடச் சிறிய நோட்டு அப்போது கிடையாது. ஐந்து பவுன் என்பது சாதாரணத் தொழிலாளியின் பல வாரக் கூலி. அதைக் கொண்டுபோய் ரொட்டிக் கடையில் மாற்ற முடியுமா? ஆகவே, அந்த நோட்டைத் தங்கமாக மாற்ற ஜனங்கள் பாங்க் ஆப் இங்கிலாந்தின் வாசலில் வரிசையில் நின்றார்கள். தன்னிடமுள்ள தங்கத்தைப் பதுக்கிக்கொண்டு, கூட்டத்தை அடுத்த வீட்டு வாசலுக்கு அனுப்பிய இந்த வங்கிகளைப் பொருளாதார நிபுணர் கெயின்ஸ் அந்த ஆண்டிலேயே கடுமையாகக் கண்டித்தார்.

ஆகஸ்டு 3-ந் தேதி திங்கட்கிழமை வழக்கமான வங்கி விடுமுறை. சர்க்கார் அதை மேலும் மூன்று நாள் நீட்டியது. அந்த அவகாசத்துக்குள் நிதி மந்திரி லாயிட் ஜார்ஜும் அவருடைய அதிகாரிகளும் ஒரு வழி கண்டார்கள். 6-ந் தேதி சட்டம் நிறைவேறியது. 7-ந் தேதி வங்கிகள் திறந்தபோது சர்க்காரின் கஜானாவே வெளியிட்ட ஒரு பவுன் நோட்டு வந்துவிட்டது. பத்து ஷில்லிங் நோட்டு அடுத்த வாரம் வந்தது. நோட்டுக்குரிய காகிதம் கைவசம் இல்லாததால், தபால் தலை அச்சிட வைத்திருந்த காகிதத்திலேயே, அதுவும் ஒரு பக்கம் மட்டுமே அச்சிட்டார்கள். போதிய நோட்டுகள் வந்து சேரும் வரையில் தபால் ஆர்டர்களும் பணமாகச் செல்லும் என்று அறிவிக்கப்பட்டது. நோட்டில் கையெழுத்திட்டவர் கஜானாவின் தலைமைக் காரியதரிசி ஜான் பிராட்பரி. ஆகவே, 'பிராட்பரி' என்பதே அந்த நோட்டின் பெயராகிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு வங்கியும் தன்னிடமுள்ள டிபாசிட்டு முதலிய பொறுப்புகளில் 20 சதவீதம் வரை இந்த நோட்டுகளை வட்டிக்குக் கடனாகப் பெறலாம் என்று சர்க்கார் அனுமதித்தது. வங்கிகளோ அதில் மிகச் சிறு பகுதியைத்தான் எடுத்துக்கொண்டன. கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்ததும், கேட்க வேண்டிய அவசியமே குறைந்துவிட்டது! கிணற்றடியில் கயிறு இருக்கிறது என்றால் தாகம் பாதி தணிந்துவிடுகிறது அல்லவா? ஆகஸ்டு 8-ந் தேதிக்குள் வட்டி விகிதம் 5 சதவீதத்துக்கு இறங்கியது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் பாராட்டு ஒன்றே போதும். ஆனால் பீதியைத் தணிக்க வந்த நோட்டு, யுத்தச் செலவுக்கும் வசதியாகப் போயிற்று. 1918 முடிவதற்குள் 30 கோடி பவுனுக்கு மேற்பட்ட நோட்டுகள் நடமாடின. யுத்தத்தினால் சரக்குகள் அரிதாகிவிட்ட காலத்தில் பணமும் இப்படிப் பெருகியது. 1920-ல் வாழ்க்கைச் செலவு 1914-ல் இருந்ததைப் போல் சுமார் இரண்டரை மடங்காகிவிட்டது. நோட்டைத் தங்கமாக மாற்றும் உரிமை சட்டத்தில் இருந்தபோதிலும், தங்க நாணயம் ஜனங்கள் கையிலிருந்து மறைந்துவிட்டது. சில நாள் நெருக்கடிக்கு என்று வந்த நோட்டுகளின் பொறுப்பை 1928-ல்தான் பாங்க் ஆப் இங்கிலாந்து ஏற்றுக்கொண்டது. விருந்தாளி பதினான்கு வருஷம் தங்கிவிட்டார்!

அதே யுத்தத்தின் அலை நம் நாட்டையும் தாக்கியது. வெள்ளி விலை ஏறி, ரூபாய் நாணயம் அடிக்க வெள்ளி போதாமல் போகவே, 1917 நவம்பர் 30-ந் தேதி இந்திய சர்க்கார் ஒரு ரூபாய் நோட்டை வெளியிட்டது. 1918 ஜனவரியில் இரண்டரை ரூபாய் நோட்டும் வந்தது. மற்ற நோட்டுகளை ரிசர்வ் வங்கி வெளியிடும் இக்காலத்திலும் ஒரு ரூபாய் நோட்டு சர்க்காரின் நோட்டாகவே இருக்கிறது. அதில் நிதிக் காரியதரிசியின் கையெழுத்தே காணப்படுகிறது.

வங்கியில் போட்ட பணம் ஏழையின் வியர்வை. அதற்கு ஆபத்து என்ற பேச்சு எழுந்தால், சர்க்கார் நாட்களைக் கடத்தாமல் பகிரங்கமாக முன்வந்து தோள் கொடுக்க வேண்டும். பிராட்பரி நோட்டு காட்டிய நல்ல வழி இது. அவசரத்துக்குக் கட்டிய பந்தலை அவசரம் தீர்ந்ததும் பிரிக்க வேண்டும். அந்த நோட்டு கற்பித்த எச்சரிக்கை இது. முதலாவதைச் செய்யும் சர்க்காருக்கு ஜனங்கள் நன்றி பாராட்டுவார்கள். இரண்டாவதைச் செய்ய மறந்தால், அந்தக் கடனை விலைவாசியின் மூலம் செலுத்துகிறவர்களும் அதே ஜனங்கள்தான்.